முதல் இன்ஜின் படகு: மரக்காணம் கரையில கட்டுமரம் ஃபைபரா மாறின கதை

கடந்த சில வாரமா ஒரே கேள்வி வேற வேற ஆட்கள்கிட்டேருந்து வந்துக்கிட்டே இருக்கு: "ஈசிஆர் பக்கம் ஒரு சின்ன இன்ஜின் போட் வாங்கணும். முதல் போட், பட்ஜெட் கம்மி. எதை வாங்கலாம்?" வாரம் முழுக்க ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டு இருக்கிற நமக்கு வீக்கெண்டுல கடல் வேணும், புரியுது.

நான் போட் விக்கிற ஆள் இல்ல. ஆனா இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடியே ஒரு கூட்டம் கேட்டிருக்கு. கம்மிப் பணம், இன்ஜின் பழக்கமே கிடையாது, முதல் படகு. தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவக் குடும்பங்கள் அரை நூற்றாண்டா இதே கேள்வியோட இருந்தாங்க. அவங்களுக்கு அது ஹாபி இல்ல, சோறு. அதனால அவங்க கண்டுபிடிச்ச பதில் எந்த யூடியூப் ரிவ்யூவை விடவும் நம்பகமானது. அந்தப் பதிலோட வரலாறுதான் இன்னிக்கு எபிசோடு. இடம்: விழுப்புரம் மாவட்டம், மரக்காணம்.

ஒரே ஊர், மூணு தண்ணி

சென்னையிலேருந்து புதுச்சேரி போறவங்களுக்கு மரக்காணம்னா ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா குவிச்சு வச்சிருக்கிற உப்புதான். வண்டியை நிறுத்தி ஒரு ஃபோட்டோ, அவ்வளவுதான். ஆனா படகு வாங்கப் போறவன் பார்வையில அந்த ஊர்ல மூணு விதமான தண்ணி இருக்கு.

ஒண்ணு, கழிமுகமும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கழுவெளியும். கடல் தண்ணியும் மழைத் தண்ணியும் கலக்கிற பெரிய ஆழமில்லாத ஏரி. 2021ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. ரெண்டு, பக்கிங்காம் கால்வாய். 1806ல எண்ணூர் பக்கம் காக்ரேன்ங்கிற வணிகர் தொடங்கின வாய்க்கால், கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, 1876-78 பெரும்பஞ்சத்துல கூலி வேலையா மேலும் வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு பேரை வாங்கிக்கிச்சு. அதோட தெற்கு முனை மரக்காணம். இந்த ஊர் உப்பும் விறகும் தட்டையான அடி வச்ச படகுகள்ல சென்னைக்குப் போச்சு. இன்ஜின் கிடையாது. கரையில நடந்து கயிறு பிடிச்சு இழுப்பாங்க, கம்பு ஊன்றித் தள்ளுவாங்க, காத்து இருந்தா பாய் கட்டுவாங்க.

மூணாவதுதான் திறந்த கடல். எக்கியார்குப்பம் மாதிரி மீனவ ஊர்கள் பார்க்கிற கடல். இங்கதான் சிக்கல். சோழமண்டலக் கரையில இயற்கைத் துறைமுகம்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. நீளமான மணல் கரை, அதுல வரிசையா உடையற அலை. கடலுக்குள்ள போற ஒவ்வொரு படகும் அந்த உடையற அலையைத் தாண்டிப் போகணும், தாண்டித் திரும்பி வரணும், மணல்ல வந்து மோதணும். தினமும்.

இதை மனசுல வச்சுக்கோங்க. இனிமே வரப்போற எல்லாக் கதையிலயும் தோத்த படகுகள் பெரும்பாலும் இந்தக் கரையைக் கணக்குல எடுக்காத படகுகள்தான்.

அலைக்கு எழுதின ஸ்பெக்

கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகக் கையேடு எழுதப்பட்டது, பெரிப்ளஸ்னு சொல்வாங்க. அதுல இந்தக் கரையில மூணு சந்தைத் துறைகள் வரும்: கமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடுன்னு பொதுவா ஏத்துக்கிட்டிருக்காங்க. சோபட்மா நம்ம மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினமும் இதுவாத்தான் இருக்கணும்ங்கிறது அவங்க கருத்து. அந்தத் துறைகளைப் பத்திச் சொல்றப்போ பெரிப்ளஸ் ஒரு விஷயம் குறிப்பிடுது: முழு மரங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டின பெரிய கலங்கள், பேரு சங்கரா.

மரத்தைச் சேர்த்துக் கட்டுறதுங்கிற யோசனை இந்தக் கரையில அவ்வளவு பழசு. அதோட சின்ன வடிவம் கட்டுமரம். 1697ல வெளிவந்த தன்னோட பயணப் புத்தகத்துல வில்லியம் டாம்பியர் இதைப் பத்தி எழுதினார், வார்த்தை இங்கிலீஷுக்குப் போச்சு. இன்னிக்கு உலகம் பூரா 'கேட்டமரான்'னு விக்கிற ரெட்டை உடல் படகு பாலினேசிய வடிவத்துக்குச் சொந்தக்காரங்க. பேர் மட்டும் நம்மளுது.

ஒரு இன்ஜினியரா கட்டுமரத்தைப் பார்த்தா அசந்துதான் போகணும். லேசான மரக்கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டினது. உள்ளே குழி கிடையாது, அதனால அலை மேல விழுந்தாலும் தண்ணி தேங்காது, இடுக்கு வழியா வடிஞ்சிடும். மூழ்காது. கவுந்தா புரட்டிப் போட்டு ஏறிக்கலாம். கரையில மோதினா கயிறு கொஞ்சம் நெகிழும், மரம் உடையாது. வேலை முடிஞ்சதும் கட்டைப் பிரிச்சு வெயில்ல காய வைக்கலாம். பாயும் துடுப்பும்தான் இன்ஜின். எரிபொருள் செலவு: பூஜ்யம்.

குறை இல்லாமலா? காத்து இல்லாட்டி தோள்தான் வலிக்கும். தூரம் போக முடியாது. மீன் கூட்டம் தூரத்துல தெரிஞ்சும் போய்ச் சேர நேரம் பத்தாது. நல்ல மரம் வருஷா வருஷம் விலை ஏறிக்கிட்டே போச்சு. உப்புத் தண்ணியில நனைஞ்சுக்கிட்டே வேலை, உடம்பு தேஞ்சு போற தொழில். இன்ஜினுக்கு ஆசைப்பட்டதுல ஒரு நியாயமும் குறையல.

துறைமுகம் கேட்ட படகு

இன்ஜினைக் கொண்டு வர்ற முதல் பெரிய முயற்சி நம்ம கரையில நடக்கல, கேரளாவுல நடந்தது. 1952 அக்டோபர்ல நார்வே, இந்தியா, ஐ.நா. மூணும் கையெழுத்து போட்டாங்க. 1953லேருந்து கொல்லம் பக்கத்துல நீண்டகரையில இந்தோ-நார்வே திட்டம் ஓட ஆரம்பிச்சது. முதல்ல இருக்கிற நாட்டுப்படகுலயே இன்ஜினை மாட்டிப் பார்த்தாங்க. ஒத்து வரல. சரின்னு புதுசா, தளம் வச்ச இன்ஜின் படகுகளை வடிவமைச்சாங்க.

அந்தப் படகு நல்லா ஓடுச்சு. ஆனா அதை மணல்ல ஏத்த முடியாது, அதுக்கு நிக்க ஒரு துறைமுகம் வேணும். நீண்டகரையில அஷ்டமுடிக் காயல் வாய் இருந்தது, பொழைச்சுது. துறைமுகம் இருக்கிற ஊர்ல அந்த மாதிரி படகு வளர்ந்தது, இல்லாத ஊர் வேடிக்கை பார்த்தது. 1960கள்ல இறாலுக்கு வெளிநாட்டுல கிராக்கி ஏறினதும், இதே விசைப்படகு இழுவலை போட்டுக் கரைக்குப் பக்கத்துலயே அரிச்சு எடுக்க ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுலயும் அதேதான் நடந்தது. கட்டுமரக்காரங்க விரிச்சு வச்ச வலை அறுந்தது, 1970கள்ல ரெண்டு தரப்புக்கும் கடல்லயும் கரையிலயும் மோதல். அந்தச் சண்டையிலேருந்து பிறந்ததுதான் 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். விசைப்படகு கரையிலேருந்து 3 கடல்மைலுக்குள்ள மீன் பிடிக்கக்கூடாதுன்னு அப்போ விதி வச்சாங்க.

ஆக, மரக்காணம் மாதிரி துறைமுகம் இல்லாத கரைக்கு அந்த முதல் இன்ஜின் படகு வரவே இல்ல. வந்தது அதோட இழுவலை மட்டும்தான்.

சின்னது கஷ்டம்

அடுத்த ரவுண்டுல கொஞ்சம் புத்தியா யோசிச்சாங்க. 1979ல ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பு, ஸ்வீடன் பணத்துல, சென்னையைத் தலைமையிடமா வச்சு வங்காள விரிகுடா திட்டத்தைத் தொடங்கிச்சு. அதுல நார்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்ப்ரான்ட்சன் தலைமேல எடுத்துக்கிட்ட சவால் இதுதான்: துறைமுகம் இல்லாம, மணல்லேருந்தே போய் மணல்லயே வந்து இறங்கற இன்ஜின் படகு.

அவங்க தீர்வு அழகானது. டீசல் இன்ஜினை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, பெட்டியையே சாய்க்கிற மாதிரி பண்ணாங்க. கரை நெருங்கறப்போ இன்ஜினோட சேர்ந்து ஷாஃப்ட்டும் ப்ரொப்பெல்லரும் மேல வந்துடும். மணல்ல இடிக்காது. பல மாடல்கள் செஞ்சு இந்தியாவிலயும் இலங்கையிலயும் ஓட்டிப் பார்த்தாங்க. ஆனா கட்டுமரத்தோட ஒப்பிட்டா விலை எங்கேயோ இருந்தது. எடை ஜாஸ்தி, கரையேத்த நிறைய ஆள் வேணும். கடன் கிடைச்ச இடத்துல ஓடுச்சு, எல்லா ஊருக்கும் பரவல.

அதே காலத்துல கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல பெல்ஜியத்துக்காரர் பியர் ழிலே உள்ளூர் ஆட்களோட சேர்ந்து ப்ளைவுட்ல கட்டுமரத்துக்கு மாற்று செஞ்சுக்கிட்டு இருந்தார். அந்த அனுபவத்தை 1985ல புத்தகமாவும் போட்டார். தலைப்பு, 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னது அழகுன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்த காலத்துல, இவர் சின்னது கஷ்டம்னு வச்சார். சின்னப் படகு வரையறது சுலபம். அதை வாங்கறவன் கையில இருக்கிற காசுக்கு, அவன் கரைக்கு, அவன் ஊர் மெக்கானிக்குக்குப் பொருந்த வைக்கிறதுதான் கஷ்டம்.

ஜெயிச்சது எது?

கடைசியா ஜெயிச்ச காம்பினேஷன் எந்த ஒரு ஆபீஸ்லயும் வரைஞ்சது கிடையாது. அச்சுல வார்த்த ஃபைபர் உடல், அதோட லாங் டெயில் இன்ஜின்.

ஃபைபர்னா கண்ணாடி இழைப் பாயை அச்சுல விரிச்சு ரெசின் ஊத்திக் காய வைக்கிறது. ஒரு அச்சு இருந்தா ஒரே மாதிரி எத்தனை வேணா எடுக்கலாம். நல்ல மரம் தேடி அலைய வேணாம். கட்டுமரத்தோட தட்டையான உடம்பையே கொஞ்சம் மாத்தி, உள்ளே மிதக்கறதுக்கு தெர்மகோல் அடைச்சு செஞ்ச ஃபைபர் கட்டுமரத்துக்கு நம்ம கரையில 'மாருதி'ன்னே பேர் விழுந்தது.

லாங் டெயில்னா, சின்ன டீசல் இன்ஜின் படகுக்குள்ள உட்கார்ந்திருக்கும், அதுலேருந்து நீளமான ஒரு கம்பி மாதிரி ஷாஃப்ட் பின்னாடி தண்ணிக்குள்ள நீளும், முனையில ப்ரொப்பெல்லர். ஓட்டறவர் கையால அமுக்கினா வால் மேல தூக்கிக்கும். அலை உடையற இடம், மணல், வலைக்கயிறு எது வந்தாலும் தூக்கிட்டாப் போதும். சாயற பெட்டி வச்சு சாதிக்கப் பார்த்ததை, ஒரு நீளக் கம்பி சாதிச்சிடுச்சு. ரிப்பேர்னா பம்ப்செட் பார்க்கிற மெக்கானிக்கே பார்த்துடுவார்.

இந்த ரெண்டும் சேர்ந்தப்போ, முதல் தடவையா கட்டுமரக்காரர் ஒருத்தர் "எனக்கும் ஒரு இன்ஜின் படகு"ன்னு சொல்ற நிலை வந்தது. இது சின்ன விஷயம் இல்ல. மேகம் கருத்தா சீக்கிரம் கரை திரும்பலாம். தூரத்து மீனைத் துரத்தலாம். வயசானவரும் தொழிலுக்குப் போகலாம்.

ஆனா கணக்கு மாறிடுச்சு

இப்ப ஒரு எளிய கணக்கு போடுவோம். 10 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், அதாவது சுமார் 7.5 கிலோவாட். முழு வேகத்துல ஓட்டினா மணிக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல குடிக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்னா குறைஞ்சது 10 லிட்டர். வருஷத்துக்கு 200 நாள் தொழில்னா 2,000 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னு வச்சுக்கிட்டா 1,84,000 ரூபாய். மீனவர்களுக்கு அரசு வரி விலக்கோட டீசல் குடுக்குது, அதனால நிஜத்துல கொஞ்சம் குறையும். நீங்களும் நானும் வாங்கினா முழு விலைதான்.

கட்டுமரத்துல இந்த வரி கிடையவே கிடையாது. மீன் கிடைக்காத நாள் வெறும் அலைச்சல், அவ்வளவுதான். ஃபைபர் படகுல மீன் கிடைக்காத நாள் நேரடிக் கடன். கடலுக்குள்ள போனாலே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும்.

கடன் எங்கேருந்து வரும்? பேங்க்ல அடகு வைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு, கரையில மீன் எடுக்கிற வியாபாரிதான் முன்பணம் குடுப்பார். வட்டின்னு தனியா கேக்க மாட்டார். பிடிச்ச மீனை அவர் மூலமாத்தான் ஏலம் விடணும், அவர் கமிஷனைக் கழிச்சுப்பார். நம்ம பாஷையில சொன்னா வென்டர் லாக்-இன். முன்னாடி கட்டுமரத்துல வந்த மீனைக் கூடையில அள்ளி வீட்டுப் பெண்களே தெருத்தெருவா வித்தாங்க, காசு அவங்க மடியில இருந்தது. கூடை ஏலத்துக்குப் போனதும் அந்தக் காசும் கை மாறிடுச்சு.

பங்கு போடற முறையும் மாறிச்சு. வசூல்ல முதல்ல டீசல் கழியும். அப்புறம் படகுக்குப் பங்கு, இன்ஜினுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. மீதிதான் உழைச்ச ஆட்களுக்கு. இன்ஜின் ஒரு ஆள் மாதிரி பந்தியில உட்கார்ந்து சாப்பிடுது.

இன்னொண்ணு, பாய் போச்சு. கட்டுமரத்துல எது உடைஞ்சாலும் காத்து இருந்தா வீடு வந்துடலாம். பாய் கட்டத் தெரிஞ்ச கை இல்லாத ஃபைபர் படகுல இன்ஜின் நின்னா, மிதக்கலாம், காத்திருக்கலாம். அவ்வளவுதான்.

இதெல்லாம் அன்னிக்கே தெரியாம இல்ல. சின்ன மீன்பிடி படகுகளோட எரிபொருள் செலவைக் குறைக்கிறது எப்படின்னே அந்த வங்காள விரிகுடா திட்டம் 1986ல ஒரு தனி வெளியீடு போட்டது. அடிப்படை இயற்பியல் இதுதான்: 25 அடி நீளப் படகு, தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போற வகைன்னா, அதோட இயல்பான உச்ச வேகம் மணிக்கு 6.7 கடல்மைல் பக்கம். அதுக்கு மேல இன்னும் பெரிய இன்ஜின் மாட்டினா அலைதான் பெருசாகும், வேகம் பெருசா ஏறாது. தேவைப்படற திறன் வேகத்தோட மும்மடிக்கு ஏறுது. வேகத்தை 10 சதவீதம் குறைச்சா, அதே தூரத்துக்குக் கிட்டத்தட்ட 19 சதவீதம் எரிபொருள் மிச்சம். ஆனா பக்கத்துப் படகு ஏலத்துக்கு முன்னாடியே போய்ச் சேருதுன்னா யார் மெதுவா ஓட்டுவா?

படகு இலவசம், மத்ததெல்லாம் இல்ல

2004 டிசம்பர் 26. சுனாமி இந்தக் கரையில கட்டுமரம், ஃபைபர், வலை, இன்ஜின் எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் உலகம் பூரா இருந்து உதவி வந்தது. குடுக்கிறவங்களுக்குக் கண்ணுல தெரியற பொருள் எது? படகு. பேர் எழுதி, வரிசையா மணல்ல நிறுத்தி, ஃபோட்டோ எடுக்கலாம்.

நல்ல மனசோட குடுத்தாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நிறைய ஊர்கள்ல இழந்ததை விட அதிகமா ஃபைபர் படகு வந்து இறங்கிச்சு. அவசரத்துல வார்த்ததுல சிலது தரமும் சரியில்ல. அதுவரைக்கும் கூலிக்குப் போனவரும் சொந்தக்காரர் ஆனார், அது சந்தோஷம். ஆனா எல்லாரும் சொந்தக்காரர் ஆனதும் கூட வர ஆள் இல்ல. சில படகுகளுக்கு இன்ஜின் இல்ல, சிலதுக்கு வலை இல்ல. அதுக்கு மறுபடி வியாபாரிகிட்டதான் போய் நிக்கணும். கட்டுமரத்துக்குத் திரும்பலாம்னா, அதையும் அதைக் கட்டற கையையும் காலம் ஓரங்கட்டிடுச்சு.

விலை பூஜ்யமா இருந்த படகு கூட எல்லாராலயும் கட்டுப்படியாகலன்னு அந்த வருஷங்கள் காட்டிடுச்சு. படகோட விலைங்கிறது படகு வாங்கற அன்னிக்குக் குடுக்கிறது இல்ல. வாங்கின மறுநாள்லேருந்து தினமும் குடுக்கிறது.

இப்ப உங்க கேள்விக்கு

முதல் கேள்வி எந்த பிராண்டுன்னு இருக்கக்கூடாது, எந்தத் தண்ணின்னு இருக்கணும். கழிமுகத்துக்கும் காயலுக்கும் தட்டை அடி, சின்ன இன்ஜின் போதும். உடையற அலையைத் தாண்டணும்னா, ப்ரொப்பெல்லரைத் தூக்க முடியுமா, மணல்ல மோதினா தாங்குமா, கரையேத்த எத்தனை கை வேணும்னு பாருங்க. அந்தக் கைகள் உங்ககூட ஒவ்வொரு வாரமும் இருக்கணும். அந்தக் கரையோட பஞ்சாயத்தார்கிட்ட பேசாம அங்க படகை நிறுத்தலாம்னு நினைக்காதீங்க. அது அவங்க தினமும் வேலை பார்க்கிற இடம்.

ரெண்டாவது, குதிரைத்திறனுக்கு மயங்காதீங்க. அந்த 6.7 கணக்கை உங்க படகு நீளத்துக்குப் போடுங்க: தண்ணிக் கோட்டு நீளம் அடியில, அதோட வர்க்கமூலம், பெருக்கல் 1.34. மூணாவது, 10 கிலோமீட்டருக்குள்ள அந்த இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு மாட்டத் தெரிஞ்சவர் இருக்காரான்னு விசாரிங்க. நாலாவது, இன்ஜின் நின்னா எப்படித் திரும்புவீங்க? துடுப்பு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், இது மூணுக்கும் பதில் இல்லாம பட்ஜெட் முடியாது. பதிவு, அனுமதி விஷயத்துல மீன்பிடிக்கிற படகுக்கும் உல்லாசப் படகுக்கும் விதிகள் வேற வேற. அதுக்கே தனி எபிசோடு தேவைப்படும், பண்ணுவோம்.

மரக்காணத்துக்கு வடக்கே அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் முகத்துவாரத்துல மீன்பிடித் துறைமுகம் கட்டணும்னு ஒரு திட்டம் வந்தது, சுற்றுச்சூழல் எதிர்ப்பும் வந்தது. கட்டினா, அந்தக் கரையோட முதல் படகுக் கணக்கு மறுபடி மாறும். துறைமுகம் இருந்தா கனமான படகு வரும், கனமான படகு வந்தா பெரிய இன்ஜின் வரும், பெரிய இன்ஜின் வந்தா பெரிய கடன் வரும். நீண்டகரையில நடந்தது அதுதான். நல்லதா கெட்டதான்னு நான் இங்கேருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. தினமும் அந்த டீசலுக்குக் காசு எண்ணி வைக்கப் போறவங்க சொல்லணும்.

அடுத்த தடவை ஈசிஆர்ல உப்புக் குவியலைப் பார்த்து வண்டியை நிறுத்தினீங்கன்னா, அப்படியே கடல் பக்கமும் போய்ப் பாருங்க. மணல்ல நிக்கிற ஃபைபர் படகோட பின்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற அந்த நீளக் கம்பியைப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.